சீசருக்கு நான் பார்த்த பிரசவம்

22 வருஷம் வரலாறு நடத்தினேன். அதில் பாதிக்கு மேல் ஒரு பொய்யைத் தெரிந்தே சொன்னேன்.

ரோம் பாடம் வந்தாலே ஒன்பதாம் வகுப்புக்குக் கொட்டாவி. "சிசேரியன்னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா? ஜூலியஸ் சீசரை வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க" என்பேன். கடைசி பெஞ்சும் நிமிரும்.

ஒரு வருஷம் ஒருத்தி எழுந்தாள். "அப்ப அவங்கம்மா, சார்?"

"அந்தக் காலத்துல எங்க பிழைக்கிறது? போய்ச் சேர்ந்துட்டாங்க."

மறுநாள் நூலகப் புத்தகம் ஒன்றில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து நீட்டினாள். தாய் அவ்ரேலியா இறந்தது கி.மு. 54-இல். மகனுக்கு அப்போது வயது சுமார் 45. படையோடு வெளிநாட்டில் இருந்தார். "அது சித்தியா இருக்கும், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் டிக்கெட்டை உருவி, சின்னதாக மடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அன்று ராத்திரி நானும் படித்தேன். சீசர் என்பது குடும்பப் பெயர். ஜூலியஸுக்கு நூறு வருஷம் முன்பே அந்த வீட்டில் சீசர்கள் இருந்திருக்கிறார்கள். அடர்ந்த முடி என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. நம்ம ஆளுக்கோ வழுக்கை! பெயர் வளர்ப்பு மகன் ஒக்டேவியனுக்குப் போனது. கி.பி. 68-இல் பேரரசன் நீரோவோடு அந்தக் குடும்பம் அற்றுப்போயிற்று. அடுத்து வந்த கால்பா ஒட்டுமில்லை உறவுமில்லை; அவனும் சீசர் என்றே போட்டுக்கொண்டான். வீட்டுப் பெயர் பட்டமானது அங்கேதான். 293-இல் பேரரசன் டயோக்ளீஷியன் அதைத் துணைப் பேரரசரின் இரண்டாம் நாற்காலிக்கு இறக்கினான். வெளியூர் போனதும் மவுசு ஏறியது: ஜெர்மனியில் கெய்சர், ரஷ்யாவில் 1547-இல் முடிசூடிய இவானுக்கு ஜார், 1877 டெல்லி தர்பாரில் விக்டோரியாவுக்குக் கைசர்-இ-ஹிந்த். 1920-இல் காந்தி திருப்பிக் கொடுத்த பதக்கத்துக்கும் அதே பெயர். தமிழ் பைபிளுக்கு வந்தபோது மட்டும் பெயரை உதறிவிட்டு 'இராயன்' ஆகிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அடுத்த வருஷம் மறுபடி வயிற்றைக் கிழித்தேன். கால்பாவைச் சொன்னால் எவன் நிமிர்வான்?

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு அவள் கல்யாணப் பத்திரிகையோடு பள்ளிக்கு வந்தாள். "இன்னும் அந்தக் கதை சொல்றீங்களா, சார்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சும்மா" என்றேன். அன்று மூன்றாம் பீரியடில் 'பி' பிரிவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.