கோச்சி வராத 24 ஆண்டுகள்

பாண்டிருப்பில் தண்டவாளம் இல்லை. கல்முனையிலும் இல்லை, மருதமுனையிலும் இல்லை. எங்கள் கரையில் யாரும் கோச்சி பிடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டும். கிழக்குப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் யாழ்ப்பாண ஸ்ரேசனின் கதையில் எங்கள் பக்கமும் சேர்ந்திருக்கிறது. 1990 ஜூன் 11 அன்று கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் முற்றுகையிட, போர் மீண்டும் மூண்டது. ஜூன் 13 அன்று யாழ்ப்பாணக் கோச்சி நின்றுபோனது. அதன் பிறகு அந்த மேடைக்கு ஒரு வண்டி வர 24 ஆண்டுகள் ஆகின.

அந்த ஸ்ரேசனுக்குக் கோச்சி வந்ததே பெரிய சங்கதி. 1902 மார்ச் 11 அன்று காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை பாதை திறக்கப்பட்டது. அப்போது அது கொழும்போடு சேராத தனித்துண்டு. வன்னிக் காட்டை ஊடறுத்து அநுராதபுரத்துப் பாதையோடு அது பொருந்தியது 1905இல். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலிருந்த கொழும்பு, அன்றிலிருந்து ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கியது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி என்ற கோச்சி ஓடத் தொடங்கியது. கொழும்புக் கந்தோர்களில் வேலை பார்த்தவர்கள் லீவுக்கு வந்து இறங்கியது இந்த மேடையில்தான். போகும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒடியலும் பனங்கட்டியும் அவர்களோடு ஏறின. சுருட்டும் வெங்காயமும் தெற்கே போயின. காங்கேசன்துறைச் சீமெந்தும் இதே பாதையால்தான் போனது. வடக்கையும் தெற்கையும் நாள்தோறும் ஒரே பெட்டியில் உட்கார வைத்த இடம் இது.

போர் அந்தப் பாதையையும் குறிவைத்தது. 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டிக்கு அருகே, படையினரை ஏற்றி வந்த யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 1990க்குப் பிறகு பாதையே கழன்று போனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்களுக்குக் கூரையாயின. ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த இரும்பு, ஆட்கள் ஒளிந்துகொள்ளும் இரும்பானது. இந்த ஸ்ரேசனின் வரலாற்றில் எனக்கு மிக வலிக்கும் இடம் அதுதான்.

ஸ்ரேசன் மூடிக் கிடந்த காலத்தில் இரண்டு ஒக்டோபர் 30கள் வந்தன. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். சோனகத் தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு இறங்கினார்கள். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். 1902இன் முதல் கோச்சி போன அதே திசை. ஒரே மொழி பேசும் இரு சமூகங்களும் அடுத்தடுத்து ஊரைவிட்டுப் போனபோது, ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் அந்த மேடையில் நிற்கவில்லை.

2009இல் போர் முடிந்து ஏ9 வீதியால் சனம் வரத் தொடங்கியபோது, ஸ்ரேசனில் மிஞ்சியிருந்தது கூரையில்லாத சுவர்கள். சன்னம் துளைத்த ஓட்டைகளுக்குள்ளால் வானம் தெரிந்தது. இரண்டு மேடைகளுக்கும் நடுவே தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் புல்லும் பற்றையும் மண்டியிருந்தன. மேடையின் விளிம்பு மட்டும் ஒரு நூல்கூடக் கோணாமல் நேராக நின்றது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்டியிருந்தன. தெற்கிலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்தார்கள்.

இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும் கோச்சி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. ஸ்ரேசன் பிழைத்துவிட்டது. ஆனால் அதன் வரலாற்றை எழுதும்போது 1902ஐயும் 2014ஐயும் எழுதிவிட்டு இடைப்பட்ட 24 ஆண்டுகளைத் தாண்டிப் போகக் கூடாது. யார் யார் எப்போது நடந்து போனார்கள் என்பதும், இரு சமூகங்களின் பெயரோடும், அந்த மேடையில் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கப்பட வேண்டும்.

கொழும்பிலிருந்து போகிறவர்கள் சாவகச்சேரி தாண்டியதும் நித்திரை விட்டு எழும்புங்கள். நாவற்குழியில் கோச்சி கடல்நீரேரியைக் கடக்கும். ஒரு முழு இரவு மழையில் சனம் நகர்ந்த தூரத்தை வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் யன்னலால் வெளியே பாருங்கள்.