பன்னிரண்டு வவ்வால்கள்

"அப்பா, செவ்வாய்க்கிழமைக்குள்ள பன்னெண்டு வவ்வால் வேணும்" என்றாள் மகள். ஏதோ ஒரு டஜன் வாழைப்பழம் கேட்கிற மாதிரி!

2024 அக்டோபர் கடைசி வாரம். சிறுவாச்சூரில் வீட்டுக்கு வீடு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நேரம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. ஹாலோவீன் என்கிற வெள்ளைக்காரப் பேய்த் திருநாளும் அதே 31. அன்றைக்கு லீவு என்பதால், 29-ஆம் தேதியே பேய்களை வரவழைத்துவிடுவது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். வவ்வால், சிலந்தி வலை, பூசணிக்காய் மூஞ்சி எல்லாம் காகிதத்தில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கடையில் வாங்கக் கூடாது. பெற்றோர் 'ஹெல்ப்' பண்ணலாமாம். (இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெற்றோர் செய்கிற ஹெல்ப் எப்படிப்பட்டது என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.)

பெரம்பலூர் போய்க் கறுப்பு சார்ட் நாலும் ஆரஞ்சு சார்ட் ரெண்டும் வாங்கி வந்தேன். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள கறுப்பா? யாருடா இதெல்லாம் கேட்டது?"

அயர்லாந்துப் பக்கம் ஒரு காலத்தில், அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கிற ராத்திரியில் செத்தவர்கள் ஊருக்குள் வருவார்கள் என்று நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர மூஞ்சி செதுக்கி, உள்ளே வெளிச்சம் வைத்தார்கள். பிழைக்க அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது, கிழங்கை விடப் பெரிசு, குடையவும் சுலபம் என்று அதற்கு மாறிவிட்டார்கள் என்று விளக்கினேன். அம்மா யோசித்தாள்.

"அப்ப நம்ம வாசல்ல மூஞ்சி வரைஞ்சு தொங்குதே, திருஷ்டிப் பூசணி..."

"அதேதாம்மா. நம்முது வெள்ளைப் பூசணி, அவங்களுது மஞ்சள். அவ்வளவுதான்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேய்க்கதை புதிதில்லை. மதுரகாளியம்மன் கோயில் விசேஷ நாட்கள் தவிர திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. முதலில் இங்கே இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி தன் மந்திரத்தால் அவளையே ஆட்டி வைத்தான். மதுரையிலிருந்து கோபத்தோடு வந்த காளி ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு, அவனைத் தீர்த்துக்கட்டினாள். செல்லியம்மன் இந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். மந்திரவாதியையே முடித்தவள் இருக்கிற ஊரில் காகித வவ்வால் என்ன செய்துவிடும்? அம்மா வழிவிட்டாள். 'விளக்கு வெச்சப்புறம் வெட்டக் கூடாது' என்ற நிபந்தனையோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மகளும் உட்கார்ந்தோம். வவ்வாலுக்கு ரகசியம் மடிப்புதான். காகிதத்தை இரண்டாக மடித்து, பாதி வவ்வாலை, அதாவது பாதித் தலை, பாதி உடம்பு, ஒரு இறக்கை, வரைந்து வெட்டிப் பிரித்தால் முழு வவ்வால். சிலந்தி வலைக்கு மூலைக்கு மூலை மூன்று தடவை மடித்து, வளைவு வளைவாக வெட்ட வேண்டும். கேட்க சுலபம். நான் உடம்பை மடிப்புப் பக்கம் வரையாமல், திறந்த பக்கம் வரைந்துவிட்டேன். வெட்டிப் பிரித்தால்... தனித்தனியாக இரண்டு அரை வவ்வால்!

"அப்பா, ரெண்டும் செத்துப்போச்சு" என்றாள் மகள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பா இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

அப்பா தையல்காரர். முப்பத்தைந்து வருஷம் மெஷின் மிதித்தவர். ரெடிமேட் வந்து பாதி வேலை போயிற்று. கை நடுக்கம் வந்து மீதியும் போயிற்று. கடையைக் காலி செய்து மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், எழுத மேஜை போட இடமில்லை என்று அவரைக் கேட்காமலே மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். திரும்பி வந்தவர் ஜன்னலோரம் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து எட்டு மாசமாக என்னோடு நேர்ப்பேச்சு கிடையாது. "உங்கப்பன்கிட்ட சொல்லு, கரன்ட் பில் வந்திருக்கு" - எல்லாம் பேத்தி வழியாகத்தான்.

அன்றைக்கும் அப்படித்தான். "பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு. சட்டைக்கு முதுகுத் துணியை எப்படி வெட்டுவோம்? மடிப்புல வச்சு. நடுமுதுகு மடிப்பு மேல வரணும். வவ்வாலுக்கும் முதுகு அங்கதான்."

சொன்னபடி வெட்டினேன். முழுசாக வந்தது. ஆனால் இறக்கை எலி கடித்த மாதிரி இருந்தது. என் கத்தரி மொக்கை.

அப்பா எழுந்து வந்தார். கையில் ஒரு துணிச்சுருள். பிரித்தார். அவருடைய பெரிய கத்தரி!

அந்தக் கத்தரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் மழுங்கிவிடும். பத்து வயதில் பட்டத்துக்கு வால் வெட்ட அதை எடுத்து, வாங்கிய அறை இன்னும் காதில் கேட்கிறது. பி.காம். சேரும்போதுகூட, "உனக்கு இந்தக் கத்தரி வேண்டாம்டா" என்று பெருமையாகத் தூக்கி உள்ளே வைத்தவர்.

"இது காகிதத்துக்கு ஆகாதேப்பா..." என்றேன்.

"இனிமே அது எந்தத் துணியை வெட்டப் போவுது?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பேத்தியைப் பார்த்து இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வெட்ட ஆரம்பித்தேன். கனமான கத்தரி. மூன்றாவது வவ்வாலின் இறக்கை வளைவில் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"கத்தரியைத் திருப்பாதடா. அது நேராவே போவட்டும். காகிதத்தைத் திருப்பு."

அவர் கை நடுங்கியது. ஆனாலும் வளைவு கச்சிதமாக வந்தது.

அம்மா விளக்கேற்றுவதற்குள் பன்னிரண்டும் ஆயிற்று. மகள் அவற்றை என் மேஜை மேல் வரிசையாக அடுக்கினாள். அப்பா கத்தரியைத் துடைத்துத் துணியில் சுற்றினார். எழுந்து போகும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"அந்த மெஷினை எவ்வளவுக்குடா குடுத்தே?"

"ஆயிரத்தெண்ணூறுப்பா..."

நின்றார்.

"தலை மட்டுமே மூவாயிரம் போயிருக்குமேடா! பி.காம். படிச்சானாம், பி.காம்.!"

எட்டு மாசத்துக்கு அப்புறம் வாங்கிய முதல் திட்டு.