பைக் சஸ்பென்ஷனுக்கும் டோஸ் உண்டு

வழக்கமா இங்க பிபி, சுகர், டெங்கு, தடுப்பூசின்னு எழுதுவேன். இன்னைக்கு ஸ்போர்ட் பைக் சஸ்பென்ஷன். "டாக்டருக்கு எதுக்கு சார் இந்த வேலை?"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, காரணம் இருக்கு.

நான் வேலை பார்க்கிறது ஆவடிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. வீடு பூந்தமல்லி. தினமும் பருத்திப்பட்டு வழியா பைக்லதான் போறேன், வர்றேன். இருபதுகளில் இருக்கும் பசங்க முதுகுவலி, மணிக்கட்டு வலின்னு ஓ.பி. சீட்டோட வந்து நின்னா, "என்ன பைக் ஓட்டுறீங்க?"ன்னு கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முதல்ல ஒரு விஷயம். சஸ்பென்ஷன் இருப்பது சொகுசுக்காகன்னு பலர் நினைக்கிறாங்க. அதன் முதல் வேலை டயரைத் தரையோடு ஒட்ட வைப்பது. பிரேக் பிடிப்பது, திரும்புவது எல்லாமே இரண்டு டயரும் ரோட்டைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தை நம்பித்தான் நடக்குது. வளைவில் சாய்ந்திருக்கும்போது டயர் ஒரு நொடி தரையை விட்டால், அந்த நொடியில் உங்களுக்குப் பிடிமானமே கிடையாது.

உள்ளே இரண்டு ஆட்கள் வேலை பார்க்கிறாங்க. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். டேம்பர், அதாவது சின்ன ஓட்டை வழியா எண்ணெய் நகரும் அமைப்பு, அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும். டேம்பர் இல்லைன்னா பைக் தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும்.

நம்ம ஏரியாவுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. ஆவடி சிவிஆர்டிஇ-யில் உருவான அர்ஜுன் டாங்கி சுமார் 58 டன். அதில் இரும்பு ஸ்பிரிங்கின் வேலையை அழுத்தப்பட்ட வாயு செய்யுது. அதே ஆவடியில் கட்டப்பட்ட டி-72 அஜேயாவில் முறுக்குத் தண்டு. அவ்வளவு பெரிய இரும்புக்கே எடை பார்த்து, தரை பார்த்துத்தான் சஸ்பென்ஷன் வைக்கிறாங்க. நாம மட்டும் ஷோரூம்ல இருந்து வந்தபடியே அஞ்சு வருஷம் ஓட்டுறோம்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் எழுதும்போது கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.ன்னு கணக்குப் போட்டு எழுதுறோம். பைக் கம்பெனிக்கு உங்க எடை தெரியாது. ஒரு சராசரி ஆளை மனசுல வச்சு செட் பண்ணி அனுப்புறாங்க. 52 கிலோ தங்கச்சிக்கும் 95 கிலோ அண்ணனுக்கும் ஒரே டோஸ்!

இப்ப அந்தத் தம்பி கதை. (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்.) அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, 24 வயசு, எடை 54 கிலோ. முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. வேணும்னு வந்தார். பரிசோதித்ததில் பயப்படும்படி எதுவும் இல்லை. பைக் பத்திக் கேட்டதும் சொன்னார்: "பின் ஷாக்கை ஃபுல் டைட் வச்சிருக்கேன் சார். ரேஸ் பைக்லாம் கல்லு மாதிரிதானே இருக்கும்? ஆனா டர்னிங்ல பள்ளம் வந்தா பின்னாடி ஒரு உதறு உதறுது."

முதுகுவலியை விட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை கொடுத்தது.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போனா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வரும். 1990-ல் திறந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. அங்க ஓட்டுறவங்க கடினமா செட் பண்றதுக்கு அர்த்தம் இருக்கு. சீரான தளம், முழு வேகத்தில் முரட்டு பிரேக், ஆழமான சாய்வு. கேபிள் தோண்டி ஒட்டுப்போட்ட சி.டி.ஹெச். ரோட்டில் அதே செட்டிங் வச்சா, சக்கரம் பள்ளத்தில் இறங்காம அந்தரத்தில் தாண்டும்.

பலர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் ஒன்று உண்டு. பின் ஷாக்கில் இருக்கும் வளையத்தைத் திருப்புறோமே, அது ப்ரீலோட். சாதாரண ஸ்பிரிங்கில் அதை இறுக்கினா ஸ்பிரிங் கடினமாகாது. வண்டியின் உயரம்தான் மாறும். மெலிந்தவர் அதை முழுசா இறுக்கினா, உட்கார்ந்த பிறகும் சக்கரம் ஏறக்குறைய கடைசி வரைக்கும் நீண்டபடியே நிற்கும். பள்ளம் வந்தா கீழே இறங்க இடமே இருக்காது. அந்தத் தம்பியின் உதறலுக்குக் காரணம் அதுதான்.

அளப்பது சுலபம். ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும்.

பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கி இருக்கும்படி வண்டியைப் பிடிக்கச் சொல்லுங்க. ஆக்ஸிலுக்கு நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வச்சு தூரத்தை அளந்துக்கோங்க. (ஸ்விங் ஆர்மைத் தாங்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி அளக்காதீங்க. வண்டியின் எடை ஸ்பிரிங் மேலேயே உட்கார்ந்திருக்கும், கணக்கு தப்பும்.) அப்புறம் ஹெல்மெட், ஜாக்கெட், தினமும் தூக்குற பையோட ஏறி, ஓட்டுற மாதிரியே உட்காருங்க. கால் ஃபுட்ரெஸ்ட்ல இருக்கணும், ஒருத்தர் முன்னாடி வண்டியைத் தாங்கிக்கட்டும். திரும்ப அளங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். மெக்கானிக் பாஷையில் ஸாக்.

ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட் பைக்குக்குப் பின்னாடி 30 முதல் 35 மி.மீ., முன்னாடி 35 முதல் 40 மி.மீ. இருந்தா நல்ல தொடக்கம். குறைவா இருந்தா ப்ரீலோடை லூஸ் பண்ணுங்க, அதிகமா இருந்தா இறுக்குங்க. அதுக்கான வளைந்த ஸ்பேனர் பல வண்டிகளில் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். நிறையப் பேர் அதை வெளிய எடுத்ததே இல்லை.

தம்பி வண்டியில் அளந்தா 14 மி.மீ. தளர்த்தி 32-க்குக் கொண்டு வந்தோம். இரண்டு வாரத்தில் டர்னிங் உதறல் போச்சுன்னார், முதுகும் பரவாயில்லையாம். ஆனா பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்திருந்தேன், அதனால முதுகு சரியானதுக்கான பெருமையை ஸ்பிரிங்குக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். முதுகுவலியோட கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் போறதில் சிரமம் இருந்தா ஸ்பேனரைக் கீழே வச்சுட்டு உடனே மருத்துவமனைக்கு வாங்க.

எடை அதிகமா இருக்கிறவங்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சனை. பின்பக்கம் உட்கார்ந்துடும், முன்சக்கரம் லேசாகும், வளைவில் வண்டி நினைச்ச கோட்டை விட்டு வெளியே ஓடும். எதிர்ல லாரி வர்ற ரோட்டில் வெளியே ஓடுவதுன்னா என்னன்னு கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்த்த யாரும் சொல்வாங்க. பின்னாடி ஆள் ஏறினாலும் இதேதான் நடக்கும். கூடவே ஹெட்லைட் மேல தூக்கி எதிர்ல வர்றவர் கண்ணில் அடிக்கும். வீட்டம்மாவைப் பின்னாடி வச்சு திருவள்ளூர் போற அன்னைக்கு நான் இரண்டு படி இறுக்கிட்டுத்தான் கிளம்புவேன். நேரம் ஒரு நிமிஷம்தான். கை அழுக்காகும், அவ்வளவுதான்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்கின ஸ்பிரிங் எவ்வளவு வேகமா மேலே வரணும் என்பது. எல்லா வண்டியிலும் இதை மாத்த முடியாது. 2021-ல் வந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310-ன் பி.டி.ஓ. கிட் மாதிரி சிலவற்றில்தான் முன்னும் பின்னும் வசதி உண்டு. சீட்டை ஓங்கி அமுக்கி விடுங்க. ஒரே மூச்சில் மேலே வந்து நின்னா சரி. இரண்டு தடவை குதிச்சா டேம்பிங் குறைவு. மெதுவா ஊர்ந்து வந்தா அதிகம், அடுத்தடுத்து பள்ளம் வர்ற ரோட்டில் சக்கரம் முழுசா நீளறதுக்குள்ள அடுத்த அடி விழும், பைக் போகப்போக அமுங்கிக்கிட்டே போகும்.

மருந்து மாத்துறப்ப நாங்க கடைப்பிடிக்கும் விதி இங்கயும் பொருந்தும். ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. ஒரு க்ளிக் மாத்துங்க, எழுதி வைங்க, தெரிஞ்ச ரோட்டில் 40-50 வேகத்தில் ஓட்டிப் பாருங்க. டெஸ்ட் பண்றேன்னு அவுட்டர் ரிங் ரோட்டில் 120-ல் போகாதீங்க ப்ளீஸ்.

இதையெல்லாம் தொடுறதுக்கு முன்னாடி டயர் காற்றை, வண்டி ஆறியிருக்கும்போது பாருங்க. காற்று குறைவா இருந்தா எந்த செட்டிங்கும் சரியா வராது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் செட்டிங் பக்கமே போகாதீங்க, சீல் மாத்துங்க. அந்த எண்ணெய் பிரேக் டிஸ்க் மேல இறங்கினா வண்டி நிக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலைல அரை மணி நேரம் ஒதுக்கி அளந்து பாருங்க. உங்க எடை, வண்டி, முன்-பின் இறக்கம் மூணையும் கமெண்ட்ல போடுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.