மென்பொருள் மூடினாலும் நன்கொடைக் கணக்கு இருக்க வேண்டும்

இலங்கையில் கொடுக்கும் எல்லா நன்கொடைக்கும் வருமான வரிக் கழிவு கிடைப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, நோயாளரையும் வறியவரையும் தங்கவைத்துப் பராமரிக்கும் அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்குத் தனிநபர் பணமாகக் கொடுத்தால் கழிவு உண்டு. அதன் உச்சம் வரிவிதிப்புக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா. எது குறைவோ அது. அரசாங்கத்துக்கோ வத்தேகம நகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்துக்கோ கொடுப்பதற்கு இந்த வரம்பு இல்லை. மண்சரிவில் வீடிழந்த தோட்டக் குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கும் பணம் எவ்வளவு பெரிய உதவியானாலும் கழிவுக்குள் வராது.

கழிவு கேட்க நன்கொடைக் கணக்கு கையில் இருக்க வேண்டும், ஆனால் கணக்கு மென்பொருள்கள் நிலையானவை அல்ல. மைக்ரோசொஃப்ட் மணியின் விற்பனை 2009இல் நின்றது. குவிக்புக்ஸ் 2023இல் இந்தியாவை விட்டு விலகியது. மூடப்போவதாக அறிவிப்பு வந்ததுமே தரவை எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக இறக்கிவிட வேண்டும். மென்பொருளின் சொந்த வடிவத்தில் எடுத்த பிரதியைப் பிறகு திறக்க வழியில்லாமல் போகலாம். திகதி, நிறுவனத்தின் பெயர், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், வங்கி மாற்று இலக்கம் ஆகியவை தனித்தனி நிரலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். ஆண்டு மொத்தத்தை மட்டும் எடுத்துவைப்பதில் பயனில்லை: வெளிநாட்டு மென்பொருள்கள் பல ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டுகின்றன, இலங்கையின் வரிமதிப்பாண்டோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஆண்டுக்கான வருமான வரி விவரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும்.

கோப்பு ஒரு பட்டியல்தான், ஆதாரம் பற்றுச்சீட்டு. வெப்பத்தாளில் அச்சான சீட்டின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும், அதனால் வாங்கிய அன்றே படமெடுத்து, திகதியைக் கோப்பின் பெயராக வைத்துச் சேமிப்பது நல்லது.