ஊர்ப் பெயர்கள் ஒலித்த மண்டபம்

சென்னைக் கோட்டையில் சட்டப்பேரவையின் கேள்வி நேரம் தொடங்கியதும் முதலில் காதில் விழுவது ஊர்ப் பெயர்கள்தான். பட்டி, பாளையம், குப்பம், குறிச்சி, மங்கலம் என்று முடியும் பெயர்கள். பலவற்றை வரைபடத்தில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. அந்த ஊரில் கால்நடை மருந்தகம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? இந்த ஊரின் தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக்க அரசு முன்வருமா? நடுநிலைப் பள்ளி எப்போது உயர்நிலைப் பள்ளியாகும்? 1990களில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் குறிப்பெடுத்தவன் நான். மறுநாள் பத்திரிகையில் இவற்றுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்து என் மனத்தில் தங்கியிருப்பது தலைப்புச் செய்தியான நாட்களைவிட, செய்தியே இல்லாத அந்த நாட்கள்தான்.

பாரிமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ராஜாஜி சாலை வழியாக நடப்பேன். ரிசர்வ் வங்கியைத் தாண்டியதும் கோட்டை மதிலும் உயர்ந்த கொடிமரமும் தெரியும். உள்ளே பேரவைக் கட்டடத்தின் முகப்பில் வரிசையாகக் கறுத்த கல்தூண்கள். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோன பிறகு திரும்பி வந்தவை அவை. பேரவைத் தலைவரின் உயர்ந்த நாற்காலி 1922இல் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் கொடுத்தது. ஆண்டவர்கள் விட்டுச்சென்ற மண்டபத்தில், அவர்கள் தந்த நாற்காலியில் அமர்ந்து, பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளையும் அதன் பொருளையும் வாசிப்பார். அதோடு அன்றைய அவை தொடங்கும். சுவரிலிருந்து வள்ளுவரும் காந்தியும் காமராஜரும் அண்ணாவும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி நேரத்துக்கென்று ஒரு மொழி உண்டு. 'ஆம்', 'இல்லை', 'கருத்துரு ஏதும் இல்லை', 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும்'. அமைச்சரின் முதல் பதில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் துணைக் கேள்வியில்தான் உயிர் இருக்கும். தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த உறுப்பினர் தாளைக் கீழே வைத்துவிடுவார். மழைக்காலத்தில் அந்தத் தரைப்பாலம் எத்தனை நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது, பிரசவ வலி கண்ட பெண்ணை எப்படி அக்கரை சேர்க்கிறார்கள் என்று சொல்வார். அவர் பேச்சில் கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ தானாக ஏறிக்கொள்ளும். எதிர்வரிசையில் இருப்பவர்களும் அப்போது குறுக்கிடுவதில்லை. அவர்கள் தொகுதியிலும் ஒரு தரைப்பாலம் இருக்கும்.

அடுத்து நேரமில்லா நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானங்கள். பிறகு மானியக் கோரிக்கை. ஒவ்வொரு துறையும் தான் செலவழிக்கப்போகும் பணத்துக்குப் பேரவையின் அனுமதியைக் கேட்டாக வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் நாள் வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளப்படும். கொள்கை விளக்கக் குறிப்புப் புத்தகங்கள் மேசைகளில் அடுக்கடுக்காக இருக்கும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த 100 ரூபாய் ஒரு சாவி. அதைக் கொடுத்தால்தான் தன் ஊர் ஏரியின் கரை உடைந்து கிடப்பதை அந்தத் துறையின் கணக்கோடு சேர்த்துப் பேச முடியும். தீர்மானம் தோற்கும் என்று கொடுத்தவருக்கும் தெரியும். ஆனால் பேசியது அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

அவைக்குறிப்பு என்றால் சுருக்கெழுத்தாளர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவையின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து போக, அடுத்தவர் ஓசையில்லாமல் வந்து அமர்வார். முதலமைச்சர் பேசினாலும் முதன்முறை உறுப்பினர் தடுமாறினாலும் அவர்கள் பென்சில் ஒரே வேகத்தில் ஓடும். மாடத்தில் நாங்கள் எதை எழுதலாம், எதை விடலாம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் எதையும் விட்டதில்லை. அந்த உழைப்பின்மீது எனக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு.

அமைச்சர் பதிலுரையில் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாலம் அறிவித்தால் மேசைகள் தட்டப்படும். பார்வையாளர் மாடத்தில், தொகுதியிலிருந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அங்கே கைதட்ட அனுமதியில்லை. கடைசியில், 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று பேரவைத் தலைவர் கேட்பார். மானியம் நிறைவேறும். அவை கலையும்.

பெரிய நாட்களும் இந்த மண்டபத்துக்கு உண்டு. 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. அண்ணா 'தமிழ்நாடு' என்று மூன்று முறை சொல்ல, அவை 'வாழ்க' என்று முழங்கியது. பேரவை கூடும் இடம்கூட மாறியிருக்கிறது. 2010இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய கட்டடத்துக்குப் போன பேரவை மறு ஆண்டே கோட்டைக்குத் திரும்பியது. கொரோனா காலத்தில் கலைவாணர் அரங்கில் கூடியது. ஆனால் பெயர் சூட்டிய அந்த நாடு கால்நடை மருந்தகமாகவும் பள்ளிக்கூடமாகவும் பாலமாகவும் மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது, யாரும் நினைவு வைத்துக்கொள்ளாத நாட்களில்தான். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குடிநீர்க் குழாயைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. முன்பு மாடத்தில் இருந்த சிலருக்கு மட்டும் கேட்டது இப்போது யாருக்கும் கேட்கும். இது பெரிய விஷயம். ஆனால் கேட்பதற்கு அவை கூட வேண்டும். ஒரே நாளில் பல துறைகளின் மானியத்தை முடித்துவிட்டு எழுந்து போனால், துணைக் கேள்வி கேட்க நேரம் எங்கே இருக்கும்? பேரவை இன்னும் அதிக நாட்கள் கூட வேண்டும், சாதாரணமாகக் கூட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் தொகுதி உறுப்பினர் இந்தக் கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.