அணிலாரின் மரவீடு

எங்கள் மலையடிவாரத்தில் மரவீடு கட்டுவதில் கைதேர்ந்தவர் சாம்பல் நிற அணிலார். அவரைக் காக்கவென்றே 1988இல் திருவில்லிபுத்தூர்க் காடு சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலைக் காடுகளோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது.

அவர் கூடு கட்டுவதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடமே அவர் தேர்வு. பகை வந்தால் தரையில் இறங்காமலே மரத்துக்கு மரம் தாவித் தப்பலாம் அல்லவா!

காட்டினுள் விருந்தினருக்கு மரவீடு அமைக்க விரும்புவோர், ஆணி அடிக்கமாட்டோம், மூங்கிலும் கயிறுமே போதும் என்கின்றனர். நல்லதே. ஆயினும் இறுகக் கட்டிய கயிறு, பருத்துவரும் மரத்தை நெரிக்கும். இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தானே வேருக்கு இறங்குகிறது? அதனினும் பெருங்கேடு, மலைக்காட்சிக்காக வெட்டப்படும் ஒற்றைக் கிளை. நமக்கு அது சன்னல். அணிலுக்கோ அறுந்துபோன பாலம்.

காட்டை விட்டு வெளியே, அடிவாரத்து மாந்தோப்பில், காவற்பரண் போல் சொந்தக் கால்களில் நிற்கும் குடிலே தகும் என்பது என் எண்ணம். மரம் நிழல் மட்டும் தரட்டும். இரவு விளக்கும் வேண்டாம். அணிலார் பகலில்தான் உலவுவார். அவரைக் காண விரும்புவோர் விடியலிலேயே எழவேண்டும், வாரநாள் திருப்பலிக்கு எழாதவர்களும்கூட!