விலை கொடுத்தவனுக்கே பூட்டு



நன்னெறிக் கல்விப் பாடத்தில் நேர்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் கள்ளப் பதிப்பைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. திரைப்படமாயினும் பாடலாயினும் கணினி விளையாட்டாயினும் அடுத்தவர் உழைப்பைத் திருடக்கூடாது, அசலையே வாங்க வேண்டும் என்று சொல்கிறோம். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையும் ஒருவரி சேர்த்துக்கொள்கிறோம். மாணவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆயினும், கணினி விளையாட்டைப் பொறுத்தவரை இந்த அறிவுரையில் ஒரு முடிச்சு இருக்கிறது. திருடியவனை விட்டுவிட்டு, பணம் கொடுத்து வாங்கியவனைத்தான் அந்த விளையாட்டு ஐயுறுகிறது!

முன்பெல்லாம் வட்டைக் கணினியில் இட்டு, உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தட்டினால் போதும், விளையாட்டு திறந்துகொள்ளும். 2004 நவம்பரில் வெளிவந்த 'ஹாஃப் லைஃப் 2' வேறு வழியைக் காட்டியது. கடையில் வட்டாகவே வாங்கியிருந்தாலும், 'ஸ்டீம்' என்னும் இணையச் சேவையில் பதிந்துகொண்ட பிறகுதான் விளையாட முடிந்தது. வெளிவந்த நாளிலேயே அந்த நிறுவனத்தின் வழங்கிகள் நெரிசலில் திணறின. பணம் கட்டியவர்கள் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இதன் உச்சத்தை 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் கண்டார்கள். 'ஸ்போர்' என்ற விளையாட்டு அப்போது வெளிவந்தது. 'தி சிம்ஸ்' விளையாட்டைப் படைத்த வில் ரைட்டின் ஆக்கம் அது. ஒற்றை உயிரணுவில் தொடங்கி, கை கால் முளைத்து, கூட்டமாகி, நாகரிகம் கண்டு, இறுதியில் விண்வெளிக்கே பறக்கும் ஓர் உயிரினத்தைக் குழந்தையே வடிவமைக்கலாம். அறிவியல் ஆசிரியருக்கும் ஆசை எழும் விளையாட்டு என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால், அதனோடு 'செக்யூரோம்' என்னும் பூட்டையும் இ.ஏ. நிறுவனம் இணைத்திருந்தது. விளையாட்டை நிறுவும்போது கணினி இணையத்தின் வழியே நிறுவனத்தின் வழங்கியைத் தொடர்புகொள்ளும். இந்த எண், இந்தக் கணினி என்று அங்கே ஒரு கணக்கு பதிவாகும். மூன்று முறைதான் அப்படிப் பதியலாம். அதன் பிறகு நிறுவனத்தை அழைத்து, காரணம் சொல்லி, அனுமதி கேட்க வேண்டும். நம் வீட்டுக் கணினிகளின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று ஆண்டுக்கொரு முறையாவது கடைக்காரர் 'ஃபார்மட்' செய்து கொடுப்பார். உள்ளுறுப்புகளை மாற்றினாலும் வேறு கணினி என்றே பூட்டு எண்ணிக்கொள்ளக்கூடும். மூன்று என்பது எத்தனை நாளைக்கு?

விளையாட்டாளர்கள் பொங்கி எழுந்தார்கள். அமேசான் தளத்தில் சில நாள்களுக்குள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். விளையாட்டு மோசம் என்பதால் அன்று. பூட்டு மோசம் என்பதால். 'இதை நான் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறேன்' என்பதே அவர்கள் குமுறலின் சாரம். கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. நிறுவனம் மூன்றை ஐந்தாக்கியது. அவ்வாண்டின் இறுதியில் ஸ்டீம் வழியாக விற்றபோது செக்யூரோமையே கழற்றிவிட்டது.

இத்தனை காவலுக்குப் பிறகு திருட்டாவது நின்றதா? அதுதான் இல்லை. முறைப்படி விற்பனைக்கு வருமுன்னரே பூட்டு உடைக்கப்பட்ட படி இணையத்தில் உலவியது. 'டோரன்ட்ஃபிரீக்' தளம் வெளியிட்ட 2008ஆம் ஆண்டுப் பட்டியலில், ஏறத்தாழ 17 இலட்சம் பதிவிறக்கங்களோடு ஸ்போர்தான் முதலிடம். திருடியவனுக்கு மூன்று முறை என்ற கணக்கும் இல்லை. இணையம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டுகள் பலர் உழைத்த பொருள் ஒரே இரவில் களவு போனால் யாருக்கும் வயிறு எரியும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்தப் பூட்டு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தது. வாங்கியதைப் பிறருக்கு விற்கவோ, நண்பனுக்கு இரவல் கொடுக்கவோ அது இடம் தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்பதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. புத்தகத்துக்குக் கிடைத்த அந்த உரிமை, நூறு ஆண்டுகள் கழித்து வந்த வட்டுக்கு வாய்க்கவில்லை.

அந்தக் காலக்கட்டத்தில் எங்கள் பள்ளியிலும் ஒன்று நடந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம். நன்றாகத் தேர்ச்சி பெற்ற மாணவனுக்கு அவன் தந்தை நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து அசல் விளையாட்டு ஒன்றைப் பரிசாக வாங்கி வந்தார். தோட்டத்து வீடு, கணினி உண்டு, இணைய இணைப்பு இல்லை. விளையாட்டு திறக்கவே இல்லை. பிரித்த பொருளைக் கடைக்காரரும் திரும்பப் பெறவில்லை. பக்கத்து வீட்டுப் பையனோ இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கிய கள்ள வட்டில் அதையே விளையாடிக்கொண்டிருந்தான். "ஐயா, நீங்கதானே பிள்ளைங்ககிட்ட அசல் வாங்கணும்னு சொன்னீங்க?" என்று அந்தத் தந்தை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் இன்றும் மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, பையன் கணினியைச் சுமந்துகொண்டு பட்டணத்திலுள்ள சித்தப்பா வீட்டுக்குச் சென்று பதிந்து வந்தான். அவன் அசலைக் கைவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், பதின்மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளையின் நேர்மைக்கு இத்தனை பெரிய சோதனை தேவைதானா?

இணையம் இல்லாதவர் படும் பாட்டை உலகம் 2013இல் இன்னும் தெளிவாகக் கேட்டது. மைக்ரோசாப்ட் தன் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட்டாக வேண்டும் என்று அறிவித்தது. கடலில் மாதக்கணக்கில் இருக்கும் படைவீரர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. இணையம் இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்ற பொருளில் அந்நிறுவனத்தின் அதிகாரி பதில் சொன்னார். எதிர்ப்பு வலுத்தது, ஜூன் 19ஆம் நாள் திட்டத்தையே கைவிட்டார்கள்.

போலந்து நாட்டில் சிலர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். அங்கும் நம் இரவுச் சந்தையைப் போலவே கள்ள வட்டு வணிகம் கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று இருந்தது. சிடி புரொஜெக்ட் என்னும் நிறுவனம் 1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலந்து மொழியில், நடிகர்களின் குரலோடு கொண்டுவந்தது. பெட்டிக்குள் நிலப்படமும் இசைவட்டும் வைத்தது. கள்ள வணிகன் தர முடியாததைத் தந்து வாடிக்கையாளரை ஈர்த்தது. தாய்மொழியில் கொடுத்தால் மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது தமிழாசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி. ஸ்போர் வெளிவந்த அதே 2008இல், எந்தப் பூட்டும் இல்லாமல் பழைய விளையாட்டுகளை விற்கும் 'கோக்' தளத்தையும் அவர்களே தொடங்கினார்கள்.

பூட்டைத் திறக்கும் வழங்கி என்றேனும் ஒருநாள் அணைக்கப்பட்டால் என்னாகும் என்று விளையாட்டாளர்கள் அன்றே கேட்டார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று பலர் நினைத்தனர். 2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்ற காரோட்டும் விளையாட்டின் வழங்கிகளை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் அணைத்தது. தனியாளாக விளையாடவும் வழங்கி தேவைப்பட்டதால், வட்டு வைத்திருந்தவர் கையிலும் எதுவும் மிஞ்சவில்லை. அதையடுத்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கைக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரண்டன.

கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. பின்னாளில் பறிக்கப்படக்கூடிய மின்பொருளை, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக்கூடாது. நம் பிள்ளைகள் அதிகம் புழங்கும் ஸ்டீம் தளத்திலும், பணம் செலுத்தும் பக்கத்தில் இப்போது அப்படியொரு வரி காணப்படுகிறது. பிள்ளை அட்டை எண்ணைக் கேட்டு வரும்போது, பெற்றோர் அந்த வரியை ஒருமுறை அவனையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். இணையம் இல்லாமல் இயங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.